நடுப்பட்டை இழந்த கதவு

ஆமு ஆற்றின் செம்புனல் மணல்மேடுகளிடையே தளர்ந்து ஒழுக, மாலைக்கதிர் கீவா நகரின் மண்மதில்களுக்குப் பொன்பூசி, தச்சர் தெருவில் குவிந்து கிடந்த மரச்சுருள்களையும் ஒருகணம் பெருஞ்செல்வமாக்கிக் காட்டும் வேளையில், மூத்த தச்சன் மத்யாக்கூப் தச்சர் மன்றத்தின் இரட்டைக்கதவைச் சாத்திவிட்டு, அதன் நடுவே கண்வைத்துத் தெருவைப் பார்ப்பது வழக்கம். சாத்திய கதவின் வழியே தெரு தெரிவது எங்ஙனம் என்று அறிவுசால் வாசகர் வினவுதல் முறையே.

முன்னொரு விருந்தில், இறைச்சிச்சோறு தீர்ந்து தேநீர் வந்தபோது, தச்சுத்தொழிலின் தோற்றம் பற்றிப் பேச்செழுந்தது. பெருவெள்ளத்தில் உயிர்காக்க நூஹ் நபி சமைத்த மரக்கலமே முதல் தச்சு என்று, எல்லாரும் அறிந்ததை எவரும் அறியாதது போல் மத்யாக்கூப் விரித்துரைத்தான். தொட்டில் செய்வதில் பெயர்பெற்ற அவன் தம்பி ஆவாஸ் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டான்:

"அது சரிண்ணே, அந்த நபி கைக்குழந்தையா இருந்தப்ப எதுல போட்டு ஆட்டுனாங்க?"

மன்றம் குலுங்கிச் சிரித்தது. அச்சிரிப்பு அண்ணனைச் சுட்டது.

"தொட்டில் கட்டுறவனெல்லாம் தச்சன்னா, கோபுரத்துல கூடு கட்டுற நாரையும் தச்சன்தாண்டா."

அன்றோடு உடன்பிறந்தார் பேச்சற்றனர். அவர்களை இணைக்க எண்ணிய மன்றத்தலைவர் கலந்தர், மன்றத்துக்குப் புது இரட்டைக்கதவு வேண்டுமென்று சொல்லி, ஆளுக்கொரு கதவாக ஒப்படைத்தார். குளிர்காலம் முழுதும் இருவரும் தத்தம் பட்டறையில் கொடியும் மலரும் செதுக்கினர். இரண்டு கதவும் கூடுமிடத்தை மூடும் நடுப்பட்டை ஒன்றில்தான் இருத்தல் வேண்டும். எதில் என்று கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. ஆதலின் இருவருமே வைத்தனர். மாட்டிய நாளில் பட்டையோடு பட்டை முட்டிக் கதவு மூட மறுத்தது.

"யாராச்சும் ஒருத்தர் இழைச்சு எடுத்துருங்கப்பா," என்றார் கலந்தர். இருவரும் வானத்தைப் பார்த்தனர். பின்பு தத்தம் கதவைக் கழற்றிச் சுமந்து சென்றனர்.

அன்றைக்கு அருகில் கண்ட தம்பி பட்டையின் கொடிவேலை, நீரில் நெளியும் நாணல்நிழல் போல் மத்யாக்கூப்பின் கண்ணைவிட்டு அகலவில்லை. அதை வெட்டவிடலாகாது என்று, தன் பட்டையைத் தானே இழைத்தெடுத்தான். மறுநாள் மீண்டும் மாட்டியபோது, தம்பியும் அதையே செய்திருந்தான். நடுவே விரலகலத்துக்கு வெளிச்சம் நின்றது.

"புதுசா ஒரு பட்டை அடிச்சாப் போச்சு," என்ற கலந்தர், எவன் கதவில் அடிப்பது என்பது நினைவுக்கு வரவே, தாடியைத் தடவிக்கொண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்.

இருவர் இதழிலும் ஒரே நகை அரும்பியது. முதலில் நகைப்பவன் யார் என்பதில் அதுவும் உதிர்ந்தது. அவ்வேனிலில் ஆவாஸ் மனைமக்களோடு தொலைவிலுள்ள புகாரா நகருக்குப் பெயர்ந்தான். அண்ணன் பார்த்தது அவ்விடுக்கின் வழியேதான்.

முதல் தச்சு மரக்கலமும் அன்று, தொட்டிலும் அன்று. ஒரு மரத்தைக் குறைக்குமுன் அதனோடு கூடும் மரத்தை அருகில் வைத்துப் பார்த்தவன் எவனோ, அவனே முதல் தச்சன். இதை மத்யாக்கூப் இப்போது அறிவான். யாரிடம் சொல்லத்தக்கதோ, அவன்தான் ஊரில் இல்லை.