மூன்று மாசக் கடல்

இரண்டாவது கரண்டிப் பாலையும் நித்தியானந்தன் விழுங்கவில்லை. கடைவாயால் வழிந்ததை கமலேஸ்வரி துவாயால் ஒற்றினாள்.

"தம்பி கதைச்சவனே?" என்று மகனைப் பற்றிக் கேட்டார். காலையிலிருந்து ஐந்தாம் தரம்.

2009 யூன் மாதம். வெள்ளைக்காரன் நாட்டு மனோர் பார்க்கில் வெயில் ஒரு குறையுமில்லாமல் எறித்தது. அவருக்கு இன்றைக்கு மேல் தாண்டாது என்று தாதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வன்னியிலிருந்து மகன் சிவதர்ஷன் கடைசியாகப் பேசியது தை மாதம். அவன் சண்டைக்குள், பதுங்கிய பங்கருக்குள்ளேயே முடிந்துபோனான் என்று வவுனியாவிலிருந்து ஜெகதீஸ்வரி மச்சாள் சொல்லி இரண்டு நாளாகிறது. கமலேஸ்வரி அதை இன்னும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை.

"இந்தா, புதுப் போன் காட் வாங்கிவைச்சிருக்கிறன். மச்சாளுக்கு எடுத்துக் கேட்டுக்கொண்டு வாறன்" என்றாள்.

நித்தியானந்தன் இருபத்திரண்டு வயதிலிருந்து பொய் சொல்லி வந்தவர். வேலை செய்த சீனச் சாப்பாட்டுக்கடையில், உரித்துத் தொங்கவிட்ட வாத்து ஒன்று இறங்கி 86-ஆம் நம்பர் பஸ் ஏறியதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். ரிக்கெட்டும் எடுத்ததாம். ஒருவரும் நம்பினதில்லை.

அவர் சொன்னதில் நம்பப்பட்டது ஒன்றே ஒன்று. அது உண்மைக் கதை. கடைச் சமையற்காரர் லாவ் இறால் உரிக்கும்போது சொன்னது. பழைய சீனர்களுக்கு மேற்குக் கடல் என்றால் இலங்கைப் பக்கத்துக் கடலாம். வெள்ளைக்காரன் வந்த பிறகு அந்தப் பெயரைத் தூக்கி ஐரோப்பாவில் வைத்தார்களாம். அதற்கெல்லாம் முந்தி, மேற்கே கடலுக்கு அக்கரையிலிருந்த பெரிய ராச்சியத்துக்கு தா-சின் என்று பெயர். அங்கே கள்ளர் இல்லை. அழிவு வந்தால் அரசனை மாற்றிவிடுவார்கள், அவனும் கோபிக்கமாட்டான். இதை எழுதிவைத்தவர்கள் ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. ஒரு தூதன் மட்டும் கடற்கரை வரைக்கும் போனான். "நல்ல காற்றென்றால் மூன்று மாசம், இல்லையென்றால் இரண்டு வருசம். நடுக்கடலில் ஊர் நினைப்பு வரும், அதிலேயே ஆட்கள் சாவார்கள்" என்றார்கள் கப்பல்காரர். தூதன் திரும்பிவிட்டான்.

2005-இல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கிடைத்தபோது, "வரட்டோ அப்பா?" என்று மகன் போனில் கேட்டான். அதற்கு முந்தின மாதம் போன வள்ளம் கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கிச் செத்திருந்தார்கள். நித்தியானந்தன் தூதனின் கதையைச் சொன்னார். "கொஞ்சம் பொறு மோனை" என்றார். அவன் சிரித்தான். பொறுத்தான். அடுத்த வருசம் வன்னியிலிருந்து வெளியேறும் பாதையைப் பூட்டினார்கள்.

கமலேஸ்வரி குசினிக்குள் நின்று போனைக் காதில் வைத்து உரத்துப் பேசினாள். "ஓமடி, ஓம்... அப்பிடியே? நல்லது, நல்லது." எதிர்ச் சுவரில் குப்பை எடுக்கும் நாட்களைப் போட்டு கவுன்சில் தந்த கலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தே பேசினாள். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"என்னவாம்?"

"தம்பி வெளிக்கிட்டிட்டானாம். கப்பலாம்."

"எந்தப் பக்கம்?"

அவளுக்கு ஒரு நாடும் வாயில் வரவில்லை. "உங்கடை தா-சின் பக்கம்தான்."

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தினை மாசமாம்?"

"ரெண்டு."

"மூண்டு" என்று திருத்தினார். "நல்ல காத்தெண்டால் மூண்டு."

"ஓம், மூண்டு. மறந்துபோனன்."

"ஊர் நினைப்பு வருமெண்டு சொன்னனியே?"

"சொன்னனான். தனக்குப் பயமில்லையாம்."

"கெட்டிக்காரி" என்றார்.

மகனைத்தான் சொல்ல வந்தார், நாக்குப் பிசகிவிட்டது என்று கமலேஸ்வரி நினைத்தாள். மூன்று மணி போல அவருடைய மூச்சு ஒருதரம் போய் வந்தது. மறுதரம் வரவில்லை.

பால் கிண்ணம் ஆடை கட்டியிருந்தது. அவள் அதை எடுத்துக் கீழே வைத்தாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். கைகளை நெஞ்சில் வைக்க இடது கையைத் தூக்கினாள். விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக விரித்தாள்.

போன் காட். குசினிக்குப் போகும்போது கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதைச் சுரண்டி நம்பர் அடிக்காமல் அந்த வீட்டிலிருந்து இலங்கைக்கு ஒருநாளும் அழைப்புப் போனதில்லை.

நகம் படாத வெள்ளிப் பூச்சு, யன்னல் வெயிலில் பளபளத்தது.