வக்கீல் காரின் ஸ்டெப்னி

வலது தோளைத் தூக்கினால் உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி வலித்தது. வெயிலுமுத்து இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கூலிக்காரர்கள் குடியிருக்கும் லேபர் கேம்பிலிருந்து ஒர்க் ஷாப்புக்கு நடந்தான். வாரம் பூராவும் டாக்சிகளுக்கு அடியில் குனிந்து கிடந்த தோள் அது. ஞாயிற்றுக்கிழமையாவது படுத்துக் கிடக்கலாம் என்றால் முடியவில்லை. ஒரு சக்கரத்தைக் கழுவியாக வேண்டும். அந்தச் சக்கரம் சரியாக அமைந்தால் குடியிருக்க ஓர் அறை கிடைக்கும்.

மாட்டுங்காவில் வக்கீல் சங்கரனுக்குச் சொந்த பங்களா. யுத்தம் முடிந்து பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கவும், மூடிப் போட்டிருந்த காரை வெளியே எடுத்திருந்தார். அதைத் தினமும் கழுவ வீட்டோடு ஓர் ஆள் வேண்டுமாம். கார் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை, வாடகை கிடையாது, அறைக்குள்ளேயே குழாய். விஷயத்தைச் சொன்னபோது அவன் பெண்டாட்டி சொர்ணம்மாள் நம்பவில்லை. "உள்ளேயேவா? நமக்கு மட்டுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பொதுக்குழாயில் குடத்துக்குச் சண்டை போட்டு அவளுக்குத் தொண்டையே கட்டிப்போயிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அந்த வேலை வெயிலுமுத்துக்குத்தான். அந்தப் பட்டறையில் கார் கழுவுகிறவன் என்றால் அவன்தான். நடுவில் வந்தவன் பூதத்தான். ஊர்க்காரப் பயல், சோற்றுக்கு அலைகிறான் என்று மேஸ்திரி அப்துல் ரவூபிடம் சிபாரிசு பண்ணி உள்ளே சேர்த்துவிட்டதே வெயிலுமுத்துதான். சேர்ந்து மழைக்காலம்கூட முடியவில்லை, வருகிறவர்கள் எல்லாம் "அந்தப் புது ஆளைக் கூப்பிடு" என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் வெயிலுமுத்துக்கு எரியும். பூதத்தான் சீட்டியடித்தால் எரியும். தலை சீவினால் எரியும். அவன் வாளித் தண்ணீர்கூடத் தன்னுடையதைவிடத் தெளிவாக இருப்பதாகத் தோன்றும்.

வக்கீல் நேற்றுத்தான் பூனாவிலிருந்து காட் மலைப்பாதை இறங்கி வந்திருந்தார். மலை நெடுக பிரேக்கை மிதித்ததில் முன் சக்கரம் இரண்டிலும் கரி அப்பிக் கிடந்தது. வண்டி கறுப்பு, சக்கரம் மட்டும் பாலாடை நிறம். ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு அவர் போட்ட ஏற்பாடு இதுதான்: ஆளுக்கு ஒரு முன் சக்கரம். பத்து மணிக்கு வந்து பார்ப்பார். எது பிடிக்கிறதோ அவனுக்கு வேலை.

"என்ன அண்ணாச்சி, தோளைப் பிடிச்சிக்கிட்டு வாரிய? மதினி அடிச்சிட்டாவளா?"

பூதத்தான் ஏற்கெனவே வலது பக்கச் சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தான்.

"ஒஞ் சோலியப் பாருலே."

வெயிலுமுத்துக்குத் தெரிந்த வழி மண்ணெண்ணெய். துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் கரி கரைந்து வரும். வந்தது. ஆனால் சக்கரம் பூராவும் எண்ணெய்ப் பூச்சு நின்றது. சோப்புப் போட்டும் போகவில்லை. தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தால் புழுதி அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும். இதற்காக வக்கீல் முன்பே ஒரு தடவை முகம் சுளித்திருக்கிறார்.

பூதத்தான் தண்ணீரையே தொடவில்லை. முதலில் காய்ந்த பிரஷ்ஷால் உதறினான். தண்ணீர் பட்டால் கரி சேறாகி இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பான். தூசி எல்லாம் உதிர்ந்த பிறகுதான் அரப்புப் பொடியைக் கரைத்துத் துணியில் தொட்டுக் கீழிருந்து மேலாகத் துடைத்தான். பாலாடை நிறம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பெண்கள் தலைக்குத் தேய்க்கிற அரப்பு! வெயிலுமுத்து ஓரக்கண்ணால் பார்த்தான்.  கழுவுவது தன் சக்கரமா, அவன் முகமா என்று தெரியாமல் போட்டுத் தேய்த்தான்.

கடைசியில் வெயிலுமுத்து மடிக்குள் வைத்திருந்த சிகரெட் டப்பாவை எடுத்தான்.

அவன் மச்சினன் தாராவித் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்க்கிறான். சுண்ணாம்பும் ஏதோ ஒரு மஞ்சள் உப்பும் கலந்த களிம்பைத் தோலில் பூசினால், மாட்டு மயிர் வேரோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மயிரையே உரிக்கிற சாமானுக்குக் கரி எம்மாத்திரம் என்றுதான் காலையில் வரும் வழியில் ஒரு டப்பா வாங்கி வந்திருந்தான். குச்சியில் துணியைச் சுற்றி, சக்கரம் முழுக்கப் பூசினான்.

"தோல் ஷாப் வாடை அடிக்கே, அண்ணாச்சி?"

"கேம்பில இருக்கவன் மேல பின்ன சந்தனமாலே மணக்கும்?"

களிம்பு வேலை செய்தது. கரி குழம்பாகி வழிந்தது. வெயிலுமுத்துக்குத் தோள்வலிகூட மறந்துபோயிற்று. குழாயடியில் யாரோடும் மல்லுக்கட்டாமல் சொர்ணம்மாள் குடம் நிரப்புவதை மனக்கண்ணில் பார்த்தான். தண்ணீரை மொண்டு ஊற்றினான்.

பாலாடை நிறமும் சேர்ந்து வந்தது. தோல் தோலாக உரிந்து தரையில் விழுந்தது. அடியில் செங்காவிப் பூச்சு, அதற்கும் அடியில் வெறும் இரும்பு.

அப்துல் ரவூப் ஓடி வந்தார். "அரே பாகல்! கிறுக்குப் பிடிச்சிருச்சா? என்னவே பண்ணித் தொலைச்சீரு? வக்கீலு கேஸ் போட்டாருன்னா பட்டறை மொதலாளி சேட்டு நம்ம மூணு பேரையும் ரோட்டுல எறிவான்!"

 பூதத்தான் எட்டிப் பார்த்தான். சிரிப்பான் என்று வெயிலுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். சிரிக்கத்தான் செய்தான்.

"மாட்டுக்குப் பூசுததக் காருக்குப் பூசிட்டியளே! கொம்பு மொளைக்காம இருந்தாச் சரி." பிறகு வண்டியின் பின்பக்கம் போய், மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியின் கான்வாஸ் உறையைத் தூக்கினான். "மேஸ்திரி, இதும் அதே கலருதான். ஜாக்கி எடும். உரிஞ்சத இங்க மாட்டி மூடிருவோம். நடந்தத அண்ணாச்சி பெறவு வக்கீலுகிட்டச் சொல்லிக்கிடட்டும்."

மேஸ்திரி ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மாற்றினார். யுத்தகாலம் பூராவும் கிடந்த ஸ்டெப்னியில் பழைய கரி இறுகிப்போயிருந்தது. வெயிலுமுத்து துணியை எடுத்தான். பழக்க தோஷம், அதை மண்ணெண்ணெயில் நனைக்கப் போனான்.

"தள்ளும்வே," என்றான் பூதத்தான். வேலை ஓடும்போது அவனுக்கு மரியாதை பறந்துவிடும். அந்தச் சக்கரத்தையும் அவனே காய்ந்த பிரஷ்ஷால் உதறி, அரப்புப் போட்டுத் துடைத்து முடித்தான்.

வக்கீல் வந்தார். இந்தப் பக்கம் குனிந்தார், அந்தப் பக்கம் குனிந்தார். கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கே! எது யாரோடதுடா?"

பூதத்தான் வெயிலுமுத்தைப் பார்த்தான். மேஸ்திரி தரையைப் பார்த்தார். சொல்வதென்றால் அந்த நேரம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"எடது பக்கம் நான் கழுவினது, சாமி," என்றான் வெயிலுமுத்து.

"மண்ணெண்ணெய் நாத்தமே இல்லையே. இந்தக் கையை இத்தனை நாள் எங்கேடா ஒளிச்சு வச்சிருந்தே?" வக்கீல் சிரித்தார். "வேலை ஒண்ணுபோல இருக்கறச்சே குடும்பஸ்தனுக்குக் கொடுக்கறதுதான் நியாயம். நாளைக்கே சாமானை எடுத்துண்டு வந்துடு."

வண்டி கிளம்பிப் போயிற்று. பின்னால் கான்வாஸுக்குள் உரிந்த சக்கரமும் போயிற்று. பூதத்தான் வாளியைக் கவிழ்த்தான். அவன் கத்தியிருந்தால், அடித்திருந்தால் வெயிலுமுத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்லிருவியன்னு நெனச்சேன், அண்ணாச்சி," என்றான் பூதத்தான். "சரி. மதினிக்குத் தண்ணி கெடைக்கட்டும்."

மறுநாள் சொர்ணம்மாள் குழாயைத் திறந்து, குடம் நிரம்பி வழிந்த பிறகும் மூட மனமில்லாமல் நின்றாள். வெயிலுமுத்து ஷெட்டில் குந்தி, அரப்புப் பொடியைக் கரைத்து, காய்ந்த பிரஷ்ஷும் கையுமாகப் பூதத்தான் செய்ததைப் போலவே செய்துபார்த்தான். மூலையில் ஒரு கீற்றுக் கரி நின்றுவிட்டது. பூதத்தான் துடைத்திருந்தால் அதுவும் நின்றிருக்காது. அந்தக் கை தனக்கு வாய்க்கவில்லையே என்று குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மனம் வெந்தான். வக்கீலிடம் ஸ்டெப்னியைப் பற்றி அன்றைக்கும் வாய் திறக்கவில்லை. பூதத்தானுக்கு அவன் தரவேண்டியது குழாய் வைத்த ஓர் அறை. இன்றுவரை தரவில்லை.