நடுவில் ஓடிய ஒரு நாள்

நகராட்சிக் கூட்ட அரங்கின் சுவரில் ஊரின் புது வரைபடம் தொங்கியது. கம்பம் ரோட்டோரம் நீலம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்பு. மெகருன்னிசாவின் மாவு மில் இருக்கும் தெருவும் மஞ்சளுக்குள் போய்விட்டது. அந்த வண்ணத்தைத் தீட்டிய புண்ணியவான் ஒரு நாளாவது அந்தத் தெருவுக்கு வந்து டீ குடித்திருப்பானா என்பதே சந்தேகம்.

குடியிருப்பில் மில் கூடாது. ஆனால் முன்பிருந்தே ஓடுகிற மில்லை ஒரேயடியாக மூடச் சொல்லவும் முடியாதே. அதற்காக ஒரு விதி போட்டிருந்தார்கள். இருப்பது இருந்துகொள்ளலாம், ஓர் அடிகூடப் பெரிதாக்கக் கூடாது, தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தால் அப்புறம் திறக்கவே கூடாது. படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழக்கூடும் என்பது மட்டும் எழுதியவர்களுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

திட்டம் அமலுக்கு வந்த அதே மாதத்தில் அவள் கணவர் நத்தர்ஷா மவுத்தானார். தேவாரத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். மெகருன்னிசா இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள், அந்நிய ஆண்கள் முகம் பாராமல் வீட்டோடு இருக்க வேண்டும். மில் வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போலத்தான் இருக்கிறது. ஆனாலும் மாவு திரிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஆண்கள். கணவரின் அண்ணன் ராஜா முகம்மது தன் கையாலேயே மில்லைப் பூட்டிச் சாவியை உள்ளே கொடுத்தனுப்பினார். அந்த நாட்களில் கணக்கெடுக்க வந்த நகராட்சி ஆட்களிடமும் அவரே பதில் சொன்னார். "எங்க வீட்டுப் புள்ள இத்தாவுல இருக்கு. மில்லு ஓடாது." அதில் அவருக்கு ஒரு பெருமை. வந்தவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இத்தா முடிந்து, மில்லைத் திறந்து, ஆட்கள் பழையபடி தூக்குவாளியும் பையுமாக வரத் தொடங்கியபோது நோட்டீஸ் வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் மூடியிருந்த மில்லை ஏன் நிரந்தரமாக மூடக் கூடாது என்று நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். மில்லை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. மகள் நிலோபர் தேனியில் நர்சிங் படிப்பதும் அந்த மோட்டார் சுற்றுவதால்தான்.

விசாரணையில் முதலில், அதே நோட்டீஸ் வாங்கியிருந்த, திராட்சைப் பெட்டி அடிக்கும் ஈஸ்வரபாண்டியைக் கூப்பிட்டார்கள். "பழமே இல்லாத மாசத்துல பெட்டியடிச்சு, அதுக்குள்ள நானே படுத்துக்கிறவா சார்?" என்று அவன் எகிறியதில் அரங்கமே சிரித்தது. நகரமைப்பு அதிகாரி ஞானசிகாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கோவப்படாதீங்க. நடுவுல ஒரு நாள் வேலை நடந்திருந்தாக்கூடப் போதும். பாத்தவுக யாராச்சும் சொல்லட்டும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, கேரளா வியாபாரி ஒருவருக்காக இடையில் பெட்டி அடித்ததைப் பார்த்தேன் என்றார். அவ்வளவுதான். ஈஸ்வரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

மெகருன்னிசாவின் மில்லும் நடுவில் ஒரு நாள் ஓடியிருந்தது.

ஐப்பசி மாதத்து அடைமழை. பக்கத்து வீட்டு இருதயம்மாள் பின்வாசல் வழியாக வந்திருந்தாள். ராயப்பன்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாள் முதல் இவளுக்குச் சிநேகிதி. மகள் ரோஸ்லின் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள், கேப்பை திரிக்க உத்தமபாளையம் வரை போக வேண்டியிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். கேட்கக்கூட இல்லை. மெகருன்னிசாதான் சாவியை எடுத்தாள். அதிசயமாக அன்று கரண்ட் போகவில்லை. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் மோட்டார் சத்தம் தெருவுக்குக் கேட்கவும் இல்லை. கணவர் போன பிறகு முதல் தடவையாக அந்தச் சத்தத்துக்குள் நின்று அவள் வாய்விட்டு அழுதாள். துக்க வீட்டில் அதுவரை அவளால் அப்படி அழ முடிந்ததில்லை. "நான் செத்தாலும் இதை வெளிய சொல்ல மாட்டேன் மெகரு" என்று இருதயம்மாள் கையடித்துக் கொடுத்தாள்.

அது குற்றமா என்று மார்க்கம் படித்த விவரமான ஆலிம் ஒருவரைக் கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பார். வீட்டை விட்டும் போகவில்லை, எந்த ஆணையும் பார்க்கவில்லை. ஆனால் தெரு ஆலிமைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது? புருஷன் போன ஈரம் காயுமுன்னே மில்லை ஓட்டிக் காசு பார்த்தாள் என்று ஒரே நாளில் கதை கட்டிவிடும். இருந்தும் இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தாள். இருதயம்மாளிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. சாட்சி சொல்ல வாருங்கள் என்று கேட்கக் கூச்சம். அவளோ, மில்லால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லை என்று சொல்லத்தான் நகராட்சியில் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என நினைத்திருந்தாள்.

ஆனால் மெகருன்னிசா வாயைத் திறப்பதற்குள் ராஜா முகம்மது எழுந்துவிட்டார். பின்வரிசையில் பள்ளிவாசல் ஜமாத்தார்கள் அவருக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேரனை உறங்கவைத்துவிட்டு இருதயம்மாள் உள்ளே நுழைந்ததும் அப்போதுதான். ஈஸ்வரபாண்டி பிழைத்த கதை அவளுக்குத் தெரியாது.

"இது மார்க்கக் கடமை சார். முறையா இருந்துச்சு எங்க வீட்டுப் புள்ள. மில்லு ஒரு நாள்கூட ஓடல. இதை நீங்க மதிக்கணும்."

"மதிக்கிறேன் பாய். ஆனா விதியில காரணத்துக்கு எடமே விடலையே." ஞானசிகாமணி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். வழி தேடுகிற முகம். "பக்கத்து வீட்டம்மா யாரு? நீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நடுவுல ஒரு நாளாச்சும் இவுக ஒங்களுக்கு ஏதாச்சும் திரிச்சுக் குடுத்தாகளா?"

இருதயம்மாள் ராஜா முகம்மதுவைப் பார்த்தாள். ஜமாத்தாரைப் பார்த்தாள். யாரோ கோள் மூட்டிவிட்டார்கள் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது.

"மாதா மேல சத்தியமாச் சொல்றேன் சார். கதவைக்கூடத் தொறக்கல. எவன் சார் இப்படி ஒரு அபாண்டத்தைச் சொன்னது?"

ஞானசிகாமணி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

மெகருன்னிசா எழுந்து நின்றாள். உண்மையைச் சொன்னால் தனக்காக மாதாவின் பேரில் பொய்ச்சத்தியம் செய்தவளை ஊர் நடுவில் பொய்க்காரி ஆக்க வேண்டும். சிநேகிதி மேல் வந்தது அன்பா, ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அக்கா சொன்னது சரிதான் சார்."

அதிகாரி எழுதினார்.

வெளியே படிக்கட்டில் இருதயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை நேரத்துக்கு வந்தேன். இனி ஒரு பய ஒன்னையச் சொல்ல முடியாது."

"ஒரு நாள் ஓடுச்சுன்னு நீங்க சொல்லியிருந்தா மில்லு பொழச்சிருக்கும்க்கா." மெகருன்னிசாவின் குரல் உடைந்தது. "அதுக்குத்தேன் ஆபீசர் அப்படிக் கேட்டாரு."

இருதயம்மாளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் "ஆத்தா, நானே கெடுத்துப்புட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அரங்கத்தை நோக்கித் திரும்பினாள். அதற்குள் ராஜா முகம்மது வெளியே வந்து எதிரில் நின்றார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

"மில்லு போனாப் போகுதும்மா. நம்ம குடும்பத்துப் பேரு நின்னுச்சு."

அந்தப் பேச்சில்தான் அவளுக்குப் பொறுக்காமல் போனது.

"மில்லு ஓடுச்சு மச்சான். மழையன்னிக்கு நான்தேன் ஓட்டுனேன். அக்காவுக்குக் கேப்பை திரிச்சுக் குடுத்தேன்." நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஆபீசர் இன்னும் உள்ளதான் இருக்காரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா நம்புவாக. நிலோபர் படிப்பை நெனச்சுப் பாருங்க."

கதவு திறந்தே இருந்தது. ஞானசிகாமணி அடுத்த பெயரைக் கூப்பிடுவதும் கேட்டது. ராஜா முகம்மது திரும்பிப் பார்த்தார். கதவை அல்ல, படிக்கட்டில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஜமாத்தாரை.

"மெதுவாப் பேசும்மா" என்றார். "கேட்டுறப் போறாக."