ஒன்பது நிமிடக் கழுவல்

தையல்காரர் வீட்டுக் குளியலறையிலேயே கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுவார். கடைசியாகக் கழுவிய இரண்டு சுருளும் சாம்பல் பூசியதுபோல வெளிறிப்போய் வந்தன. பிரிண்டைப் பார்த்த மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், "இதுல நான் எது, சுவர் எது மாப்ள?" என்று கேட்டார்.

தையல்காரர் மருந்தை மாற்றினார், தண்ணீரின் சூட்டை அளந்தார். பலனில்லை. ஃபிலிம் மருந்தில் ஊறவேண்டிய ஒன்பது நிமிடத்தை அவர் மூன்று பாட்டுப் பாடித்தான் கணக்கிடுவார். மனைவி கடிகாரத்தோடு கதவருகே நின்று பாட்டைக் கேட்டாள்.

"மூணு பாட்டையும் ஆறே நிமிஷத்துல முடிச்சிட்டீங்க. உங்கள யாரு துரத்துறா?"

அடுத்த சுருளைக் கடிகாரம் பார்த்துக் கழுவினார். பிரிண்டில் கருப்பு கருப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் விழுந்தது. நரை, தொப்பை, மூக்குமுடி எல்லாம் பளிச்சென்று தெரிய, மைத்துனர் முகம் சுருங்கியது.

"இது என்னை மாதிரியே இல்லையே."

"அச்சு அசல் நீதாண்ணே," என்றாள் தங்கை.