சோல்வெய் தொட்ட வட்டு

ஒவ்வொரு ஆண்டும் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் எங்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியின் இறுதியாண்டுப் பெண்கள்தான் முதலில் பனியில் இறங்குவது வழக்கம். எங்கள் கேப்டன் சோல்வெய்க்கு ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. இனி ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு வருகிறேன் என்று பிடிவாதமாக நின்றாள். யாராவது இடித்தால் கால் போய்விடுமே என்று கோச் பயந்துகொண்டேதான் சம்மதித்தார்.

அவள் எதிரே வந்து நின்றவள் எதிரணியின் டெலேனி, ஜனவரியில் அவளை இடித்துத் தள்ளியவள். நடுவர் வட்டைப் போட்டதும் டெலேனி அதைத் தொடாமல் தன் மட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

“சீக்கிரம் எடுடி, குளிருது” என்றாள்.

“பனி கொட்டுற மினசோட்டாவுல பொறந்துட்டுக் குளிருதாம்!” என்ற சோல்வெய், வட்டை மெல்லப் பின்னால் தள்ளினாள்.

நடுவர் உடனே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு அணிகளும் கைதட்டுவதுபோல் மட்டைகளால் பனியைத் தட்ட, டெலேனி சோல்வெயின் முழங்கையைப் பிடித்து எங்கள் பெஞ்சு வரை கூட்டிவந்தாள்.