ரூமைக் காலி செய்யச் சொன்ன பிரெஞ்சுக்காரர்

கோரிமேட்டில், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் எனக்கு ரிசப்ஷன் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எம்.காம். வரை படித்தவள், சாவியும், நோயாளிக்குச் சமைக்க வாடகை அடுப்பும் எடுத்துக் கொடுக்கிறேன். அது கிடக்கட்டும்.

காஷ்மீரில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பாகிஸ்தான்காரர்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு, மேல்மாடியில் குடியிருக்கும் முதலாளி லூர்துபிரகாஷ் இறங்கி வந்தார்.

"கலா, ஆறாம் நம்பரை இன்னிக்கே காலி பண்ணச் சொல்லு."

ஆறாம் நம்பரில் நசீமா இருக்கிறாள். பங்களாதேஷ். நான்கு வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. நாளை மறுநாள் ஆபரேஷன். இந்த நேரத்தில் வேறு லாட்ஜிலும் சேர்க்க மாட்டார்கள். தங்க இடமில்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். திரும்பினால் மறுபடி விசா கிடைக்குமா? கொஞ்ச நாள் முன்பு வரை நட்பு நாடு என்று மேடைக்கு மேடை பேசினார்கள். இப்போது விசா கேட்டுக் காத்திருந்தே நோயாளி செத்துவிடுவான்.

"சார், சுட்டது அவங்க நாடு இல்ல. விசா இருக்கு. வெளிநாட்டுக்காரங்க தங்கினா போலீசுக்குத் தெரிவிக்கிற சி ஃபார்மும் அனுப்பிட்டேன்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. வெளிநாட்டு ஆளை வெச்சிக்கினு, நாளைக்கு போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றது? நீயா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருப்பதுபோல, இந்த மனிதர் பிரெஞ்சுக் குடிமகன். இவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். இங்கே சொல்தா என்போம். இவருக்குப் பாஸ்போர்ட் பிரெஞ்சு, ஓட்டும் பிரெஞ்சுத் தேர்தலில்தான். பாரிசில் குண்டு வெடித்த சமயம், கறுப்பாக இருந்ததற்காகத் தன்னை மெட்ரோவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள் என்று கண் கலங்கச் சொன்னவரும் இவரே.

"சரி சார், சொல்லிடறேன். இன்னொரு வெளிநாட்டுக்காரரும் இங்க இருக்காரு. மேல்மாடில. அவருக்கு சி ஃபார்மே போடல. போலீஸ்ல சொல்லிடவா?"

"ஏய், நக்கலா? நான் இந்த ஊர்ல பொறந்தவன்!"

"பாஸ்போர்ட் எந்த ஊரு சார்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மேலே டிவியில் யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆபரேஷன் முடியற வரைக்கும் பின்கட்டு ரூம்ல கெடக்கட்டும். வாசப் பக்கம் தலை காட்டக் கூடாது. நீ இந்த மாசத்தோட நின்னுக்க."

"நின்னுக்கறேன்."

பின்கட்டு ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மூட்டைப்பூச்சி பிடித்த பழைய மெத்தைகளைப் போட்டு வைக்கிற இடம்.

ஆறாம் நம்பர் கதவைத் தட்டினேன். நசீமா ஏற்கெனவே பையைக் கட்டிவிட்டிருந்தாள். பிள்ளை காலில் ஷூ. யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

"ரயில் ஸ்டேஷன்?" என்றாள்.

"இல்லக்கா. பின்னாடி ரூம். ஆபரேஷன் நடக்கும்."

அரைகுறை இந்தியிலும் சைகையிலும் புரியவைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேங்க்ஸ், தேங்க்ஸ் என்றாள். எதற்கு? இந்த நாற்றம் பிடித்த பொந்துக்கா? பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மெத்தைகளை முதலில் வெளியே இழுத்துப் போட வேண்டும்.