ஓடி வருகிறவள்

கண்ணாடிக்கடைக்காரி ஹெட்போனை மாட்டிக்கொண்டபோது வீட்டில் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டின் திரையில், படகுத்துறைச் சுவரில் முட்டியபடி நடந்துகொண்டிருந்தாள் அவள் சிநேகிதி. சுவரும் நகரவில்லை, சிநேகிதியும் விடுவதாக இல்லை.

"மவுஸை லேசா திருப்புடி."

"அவ்ளோ நீள பஸ்ஸை சந்துக்குள்ள திருப்புறேன். இந்தப் பொம்பளை திரும்ப மாட்டேங்குறா."

பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டவர்கள். சிநேகிதி பஸ் ஓட்டுகிறாள். அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றலானதும் முதலில் போனில் மணிக்கணக்காகப் பேசினார்கள். போகப்போக அது "சாப்டியா, சரி வெச்சிடவா" என்று தேய்ந்துவிட்டது. இப்படியே போனால் பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுவிடும் என்று கண்ணாடிக்கடைக்காரிக்குப் பயம். அதனால்தான், பல ஊர்க்காரர்கள் சேர்ந்து வாளும் மந்திரமுமாக அலையும் இந்த ஆன்லைன் விளையாட்டுக்குள் அவளையும் இழுத்துவந்தாள். "ஒரு தடவை வர்றேன். பிடிக்கலைன்னா விட்டுடணும்" என்று சொல்லித்தான் சிநேகிதி வந்திருந்தாள்.

பார்த்து அன்றைக்கா டிராகன் வேட்டை வைக்கவேண்டும். அவள் சேர்ந்து ஆடும் குழுவின் தலைவரை எல்லோரும் தளபதி என்பார்கள். யாரும் முகம் பார்த்ததில்லை, குரலில் எப்போதும் ஜலதோஷம். புதியவள் எதையும் கெடுத்துவிடாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்: டிராகன் இருக்கும் தீவுக்குப் போக எல்லோரும் ஏறியதும் படகுக் கயிற்றை அவிழ்க்கவேண்டும். எல்லோரும் ஏறிவிட்டார்கள். கயிறு அவிழவில்லை.

"கயிறு," என்றார் தளபதி.

"ஒரு நிமிஷம் சார். ஒரு அம்மா ஓடி வர்றாங்க."

மலைப்பாதையில் கூடையோடு ஒருத்தி ஓடிவந்தாள். கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கும் பொம்மை அவள். துறைவரை வருவாள், திரும்பிப் போவாள். ஒரு நாளும் படகேறியதில்லை. ஹெட்போனில் சிரிப்பு கிளம்பியது.

"அது ஆளே இல்லம்மா," என்றது ஒரு குரல்.

"எதுவா வேணா இருக்கட்டும். ஓடி வர்றவங்களைப் பாத்துக்கிட்டே எப்படி வண்டியை எடுக்குறது?"

தளபதிக்குப் பொறுமை போய்விட்டது. "அவங்க இருக்கட்டும். நீங்க அவிழ்த்து விடுங்க, கிளம்பலாம்," என்றார் கண்ணாடிக்கடைக்காரியிடம்.  அவள் எறும்பு சேர்ப்பதுபோல மாதக்கணக்கில் சேர்த்த கவசம், இந்த ஒரு நாளுக்காகத்தான். ஆனால் சிநேகிதி பக்கம் சத்தமே இல்லை. போனை வைப்பதற்கு முன்னால் வருமே, அந்த மௌனம். கண்ணாடிக்கடைக்காரி கரையில் இறங்கிக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

"நீங்க போங்க. நாங்க அடுத்ததுல வர்றோம்."

படகு நகர்ந்தது.

"பைத்தியமாடி நீ? உன் டிராகன் போச்சு."

"அது எங்க ஓடிடப் போகுது, அங்கேயேதான் படுத்துக் கிடக்கும்."

கூடைக்காரி துறைக்கு வந்தாள், நின்றாள், வழக்கம்போலத் திரும்பி நடந்தாள். "பாவம், விட்டுட்டாங்க," என்று சிநேகிதி நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு, ஒரு கையில் செருப்போடு தினமும் தன் முதல் பஸ்ஸுக்கு ஓடிவரும் டீச்சரைப் பற்றிச் சொன்னாள். அதிலிருந்து கண்டக்டரின் குறட்டை, புது வீட்டு ஓனர் அம்மாவின் வாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. இத்தனையையும் இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாளோ.  கண்ணாடிக்கடைக்காரி குறுக்கே பேசாமல் 'ம்' கொட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

"நாளைக்கும் இந்தம்மா வருவாங்களா?"

"தினமும் வருவாங்க."

"அப்ப டூட்டி முடிச்சுட்டு நானும் வர்றேன்."

மலைப்பாதைத் திருப்பத்தில் கூடை மறுபடி தெரிந்தது. சிநேகிதி துறையின் விளிம்புக்கு வந்து நின்றுகொண்டு, கையாட்ட எந்த பட்டனை அழுத்தவேண்டும் என்று கேட்டாள்.